பின்பாரம்

“அப்பா, வண்டிய வெட்டிடலாம்னு இருக்கேன்.”

நான் இப்படிச் சொன்னபோது அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மாமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பிக்காப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரம் வரை உள்ளே வரவே இல்லை.

2023 சீனப் பெருநாள் விடுமுறை அது. எங்கள் வீடு பீடோரில் ஒரு தாமானின் மூலை வீடு. அம்மா போன பிறகு அப்பா அங்கே என் தங்கை குடும்பத்தோடு இருக்கிறார். நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவேன். போகும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வண்டி இன்னும் கொஞ்சம் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்கும்.

1991ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ். டீசல், நாலு சக்கர இயக்கம், முன்னால் ஒரே வரிசை இருக்கை. முதலில் அது தோட்டத்து வண்டி. அப்பா அங்கே மண்டோராக இருந்தார். 2002இல் நிர்வாகம் பழைய வண்டிகளை ஏலத்தில் விட்டபோது, சேமித்து வைத்திருந்ததையும் அம்மாவின் ஒரு ஜோடி வளையலையும் போட்டு அதை எடுத்தார். அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறாத பொருள் இல்லை. உர மூட்டை, செம்பனைக் குலை, கோயில் திருவிழாவுக்கு வாழை மரம், கல்யாண வீட்டு நாற்காலி, தீபாவளி ஆடு. தோட்டத்தை விட்டு நாங்கள் தாமானுக்குக் குடிவந்தபோது எங்கள் வீடே அதில் நாலு தடவையாக ஏறி வந்தது.

2021இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் பாதிதான் திரும்பின. அன்றைக்கு நின்ற வண்டி அப்படியே நின்றுவிட்டது. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு 1,800 வெள்ளி தருவதாகச் சொன்னார். அப்பா அவரைத் திட்டவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். அவருடைய மறுப்பு எப்போதும் அப்படித்தான்.

நான் ஜாக்கி போட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கர அச்சுக்கு மேலே வளைந்து போகும் இடத்தில் சேசிஸ் இரண்டு பக்கமும் உளுத்திருந்தது. திருப்புளியால் குத்தினால் உள்ளே போனது. ஓட்டுநர் காலடியில் தரை தெரிந்தது. ஆனால் பின்பெட்டி மட்டும் ஆச்சரியமாக நன்றாக இருந்தது. மேலே கீறலும் நெளிவும் உண்டு. தகடு இறுக்கமாகத்தான் இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். உரம் இரும்பைத் தின்னும் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் உரம் ஏற்றிய நாளெல்லாம், எவ்வளவு களைப்பாக வந்தாலும், பின்பெட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் குளிக்கப் போவார். பெட்டியின் மூலைகளில் இருக்கும் துளை வழியாக அந்த உரத்தண்ணீர் எங்கே வடிந்தது என்றுதான் யாரும் பார்க்கவில்லை. நேராகச் சேசிஸ் மேல்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்துக்குப் பிறகு நம் ஊரில் பாதிப் பேருக்குக் கூடாரப் பைத்தியம் பிடித்ததே, அதில் நானும் ஒருவன். ஏழு வயது மகனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆற்றோரமாகத் தங்கிவிட்டு வருவோம். என்னிடம் இருப்பதும் ஹைலக்ஸ்தான், கொஞ்சம் புதியது, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. போகும்போது எல்லாம் அழகாக அடுக்கியிருக்கும். திரும்பும்போது ஈரக் கூடாரம், கரிப்பிடித்த சட்டி, மீந்த அரிசி எல்லாம் ஒரே கறுப்புப் பைக்குள் வரும். “ஒவ்வொரு தடவையும் வீடு மாறுற மாதிரி இருக்கு” என்பாள் மனைவி. அடுப்பு, தண்ணீர், படுக்கை எல்லாம் ஓரிடத்தில் நிரந்தரமாக இருந்து, கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு ட்ரெய்லர் இருந்தால்? கடையில் விலை கேட்டேன். கேட்டதோடு சரி. அப்போதுதான் மாமரத்தடி நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். “பெட்டிய வெட்டமாட்டல்ல?”

“இல்லப்பா. பெட்டிய அப்படியே வச்சுக்கத்தான் மத்தத வெட்டுறேன்.”

“சரி” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பதிவை ரத்து செய்யும் வேலையை முடித்துவிட்டு மார்ச் மாதம் தொடங்கினேன்.

பீடோரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. தவுக்கேவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்து டிராக்டர்களை ஒட்டிப் பழகியவர், அப்பாவுக்கும் பழக்கம். மலாயில் ஆரம்பித்து, கோபம் வந்தால் தமிழுக்கு வருவார். சனி, ஞாயிறுகளில் பட்டறையின் பின்பக்கம் எனக்கு இடம் கொடுத்தார். வெட்டுவதும் தேய்ப்பதும் நான். முக்கியமான ஒட்டு எல்லாம் அவர் கையால் என்பது ஒப்பந்தம்.

இப்படி ஒரு ட்ரெய்லர் செய்ய நினைப்பவர்களுக்காகச் சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பொதுவாகச் செய்வது, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் சேசிஸை வெட்டி, பின்பாதியை அப்படியே ட்ரெய்லராக்குவது. எங்கள் சேசிஸ் உளுத்துப் போனதால் அது முடியாது. மூன்றங்குலத்துக்கு இரண்டங்குலம், நாலு மில்லிமீட்டர் தடிப்புள்ள செவ்வக ஹாலோ இரும்பில் புதுச் சட்டம் செய்தோம். அச்சு மட்டும் பழையதையே வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பழைய ஹைலக்ஸ் சக்கரத்துக்கும் என் ஹைலக்ஸ் சக்கரத்துக்கும் ஆறு போல்ட், ஒரே இடைவெளி. காட்டில் டயர் போனால் எந்த உபரிச் சக்கரத்தையும் எதிலும் மாட்டலாம்.  இனி அச்சைச் சுற்ற எஞ்சின் இல்லைதான். ஆனாலும் இரண்டு பக்கத்துத் தண்டுகளை எடுக்க முடியாது, சக்கரமே அவற்றில்தான் நிற்கிறது. பேரிங் புதிது. கை பிரேக்கின் கம்பியைக் காப்பாற்றி, இழுவைத் தண்டின் மேல் ஒரு நெம்புகோலில் கட்டினோம், நிறுத்தி வைக்கும்போது பிடித்துக்கொள்ள.

வில்தகடுகள் ஒரு தனிக் கதை. ஒரு டன் பாரம் ஏற்றவென்று செய்த தகடுகள் அவை. அரை டன்னை வைத்தால் வளையவே வளையாது. பள்ளத்தில் வண்டி துள்ளும். இரண்டு தகடுகளை உருவி எடுத்த பிறகு பெட்டியின் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தேன், கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. தவுக்கே சிரித்தார். “லூ லோம்பாட், இனி பிலாக்காங் துரியான் லோம்பாட்” என்றார். நீ குதிக்கிறாய், அப்புறம் டுரியான் குதிக்கும் என்று.

இழுவைத் தண்டைப் பொருத்தும்போது எனக்கு நல்ல திட்டு விழுந்தது. தண்டு சட்டத்தின் முன்குறுக்கை அடியால் தாண்டும் இடத்தில், உறுதியாக இருக்கட்டும் என்று தண்டின் முதுகில் குறுக்காக ஒரு ஒட்டுக் கோடு போட்டு வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். “இது போடாதே! இங்கதான் உடையும்!” தண்டு மேலும் கீழும் வளைந்து வளைந்துதான் பாரத்தைத் தாங்குகிறது, முதுகில் குறுக்கே ஒட்டினால் விரிசல் அந்தக் கோட்டிலேயே தொடங்கும், நீளவாக்கில் பக்கங்களில் ஒட்டினால் தாங்கும் என்று சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினார். அந்தத் தண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினோம். 140 வெள்ளி வீண். என் அப்பாவோடு வளர்ந்தவன் என்பதால் இந்த மாதிரித் திட்டு எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

இணைப்புக்கு உருண்டைத் தலை வைக்கவில்லை. தார்ச்சாலைக்கு அது போதும். மண்பாதையில் முன்வண்டி ஒரு பக்கமும் ட்ரெய்லர் மறுபக்கமும் சாயும்போது அது ஓரளவுக்கு மேல் திரும்பாது. அதனால் கனரக லோரிகளில் பார்ப்போமே, வளையமும் கொக்கியும், அது. வளையம் தன்னைத்தானே முழுச்சுற்றும் சுற்றிக்கொள்ளும். கூடவே இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, தண்டுக்கு அடியில் குறுக்காகப் போகும்படி. கொக்கி விட்டாலும் தண்டு அவற்றின் மடியில் விழும், மண்ணில் குத்தாது.

பெட்டியைச் சட்டத்தோடு ஒட்டவில்லை. பழைய ஓட்டைகளிலேயே ரப்பர் வைத்துப் போல்ட் போட்டோம். துருவைச் சுரண்டி, சிவப்பு பிரைமர் அடித்து, மேலே சாம்பல் நிறம். இடது பக்கச் சுவரில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. எனக்குப் பதினேழு வயதில், வண்டி பழகுகிறேன் என்று ரிவர்ஸ் எடுத்து ரப்பர் மரத்தில் இடித்தது. அப்பா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சரிசெய்யவில்லை. தவுக்கே சுத்தியலை எடுத்தபோது, அன்று பார்க்க வந்திருந்த அப்பா ஊன்றுகோலால் அந்தப் பள்ளத்தைத் தட்டி, “இது இருக்கட்டும்” என்றார். மேலே சாம்பல் நிறம் அடித்து அப்படியே விட்டோம்.

பின்கதவைக் கீழே இறக்கினால் அது சமையல் மேசை. அதனால் சமையல் சம்பந்தப்பட்டதெல்லாம் பின்பக்கம்: அடுப்பும் சாமானும் வைக்கும் பெட்டி, எரிவாயுத் தோம்பு, ஐஸ் பெட்டி, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. குழாயைத் திறந்தால் அங்கேயே கை கழுவலாம். நடுவில், பெட்டிக்கு மேலே சட்டம் கட்டி, ஏணி வைத்து ஏறும் கூடாரம். எனக்கு ஒரே பெருமை. என் மனைவியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன்.

எடை பார்க்காமல் இல்லை. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது விதி. குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். அதிகமானால் முன்வண்டியின் பின்பக்கத்தை அமுக்கும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் எடை பார்க்கும் தராசை வளையத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். 48 கிலோ. வெறும் ட்ரெய்லர் 430 கிலோ. பதினொரு சதவீதம்! புத்தகத்தில் போட்ட மாதிரி.

அப்பா அன்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலால் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, “தண்ணி பின்னாடியா?” என்றார்.

“ஆமாப்பா. சமையல் அங்கதான.”

“பின்பாரமா இருக்குமே.”

“அளந்துட்டேன்ப்பா. சரியா இருக்கு.”

அவர் மேலே பேசவில்லை. பின்பாரம் என்ற சொல்லை நான் கேட்டு எத்தனை வருடம் இருக்கும்! தாத்தா மாட்டு வண்டி ஓட்டியவர். அந்தக் காலத்துப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அடுத்து நான் செய்த காரியத்தைப் படித்து நீங்கள் சிரிக்கலாம். ஜூன் மாதம் எல்லாம் முடிந்து, விளக்கு ஒயர் இழுத்து, ஏழு முனைச் சொருகி போட்டு, வலது பக்கம் சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டியதை இரண்டு நாள் தேடி (எர்த் ஒயர் பிரைமரின் மேல் நின்றிருந்தது, பெயின்டைச் சுரண்டி இரும்பில் மாட்டியதும் சரியானது), அதற்குப் பிறகுதான் இதைச் சாலையில் இழுக்க என்ன வேண்டும் என்று விசாரித்தேன். ட்ரெய்லருக்கும் ஜேபிஜேயில் தனியாகப் பதிவு வேண்டும். பொறியாளரின் வரைபடம், அனுமதி, சோதனை எல்லாம் வேண்டும். முறைப்படி என்றால் வரைபடத்தில் தொடங்கியிருக்க வேண்டும். நான் வாணலியில் தொடங்கியிருக்கிறேன். பதிவில்லாமல் இழுத்துப் போய் யார் மீதாவது மோதினால் காப்புறுதி என்ன சொல்லும் என்று நினைத்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் சில அளவுகளையே மாற்றியிருப்பேன். “ரோட் டேக்ஸ் கேட்டியா மொதல்ல?” என்றார் அப்பா. நான்கு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வரைபட வேலையை இப்போது ஒரு பொறியாளரிடம் கொடுத்திருக்கிறேன். அது முடியும் வரை ட்ரெய்லருக்குச் சாலை கிடையாது என்று முடிவு செய்தேன். ஆனால் சுங்கை பக்கத்தில், மலையடிவாரத்தில் என் மாமாவுக்கு டுரியான் தோப்பு இருக்கிறது. வாசல் கேட்டிலிருந்து ஓடைக் கரை வரை இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை, எல்லாம் அவர் நிலம். ஜூலையில் டுரியான் விழும். விழும் காலத்தில் யாராவது இரவில் தங்கிக் காவல் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் காட்டுப்பன்றிக்கும் திருடனுக்கும்தான் பழம். வாடகை லோரி ஒன்றின் முதுகில் ட்ரெய்லரை ஏற்றித் தோப்பு வாசல் வரை கொண்டுபோனோம். லோரி சவாரி செய்யும் ட்ரெய்லரைப் பார்த்து பீடோரில் சிக்னலில் நின்றவர்கள் போட்டோ எடுத்தார்கள்.

அப்பாவும் வருகிறேன் என்றார். நான் எதிர்பார்க்கவில்லை.

தோப்பு வாசலில் வளையத்தைக் கொக்கியில் மாட்டினேன். ஒரே கையால் தூக்க முடிந்தது. எவ்வளவு லேசாகச் செய்திருக்கிறேன் பார் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டேன். மாட்டிய பிறகுதான் தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம், எரிவாயுத் தோம்பை ஏற்றினோம், ஐஸ் பெட்டியை வைத்தோம். எல்லாம் பின்னால். தராசு பீடோரில் குளியலறையில் இருந்தது.

பாதை முழுக்கக் கொக்கிப் பக்கத்திலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தது. வளையம் கொக்கியின் அடியில் உட்காராமல் மேல்மூடியைத் தட்டுகிற சத்தம். புதிது, பழகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மேட்டில் பின்சக்கரம் வழுக்கியது. சேறு என்று நினைத்து நாலு சக்கரத்துக்கு மாற்றினேன். சேறும்தான். அப்பா முன்னிருக்கையில் ஜன்னல் வழியாக ஒரு கையை வெளியே விட்டுக்கொண்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஓடைக் கரையில் நிறுத்திக் கை பிரேக்கை இழுத்தேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். முன்னால் சின்னச் சக்கரத்தை இறக்கினேன். பெட்டியின் பின்மூலைகளுக்கு இரண்டு தாங்குகால் செய்திருந்தேன். அவை இன்னும் சாமான் பெட்டிக்குள் இருந்தன, தேத்தண்ணி குடித்துவிட்டு மாட்டலாம் என்று. முன்வண்டியை எடுத்துக்கொண்டு போய், பொறுக்கி வைத்த பழங்களை ஏற்றி வர வேண்டும் என்பதால் கொக்கியைக் கழற்றப் போனேன். பின்கதவை இறக்கி, அதன் மேல் மகன் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மேல்மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான் தெரியும். வளையம் என் தாடையை உரசிக்கொண்டு மேலே போனது. இழுவைத் தண்டு வானத்தைப் பார்த்து நின்றது. பின்பக்கம் ‘டமார்’ என்று மண்ணில் இறங்கியது. “பையன்! பையன்!” என்று மாமா கத்துகிறார். நான் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

மகன் கதவோடு சறுக்கி ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தான். கையில் இன்னும் பிஸ்கட். அவன் காலுக்குப் பக்கத்தில் எரிவாயுத் தோம்பு கிடந்தது. அவனைத் தாண்டி உருண்டிருக்கிறது. எவ்வளவு தள்ளி என்று பிறகு நான் மண்ணில் இருந்த தடத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண். முதலில் சிரித்தான், பிறகு என் தாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். என் மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அந்தத் தோம்பை ஒரு பட்டையால்கூட நான் கட்டி வைக்கவில்லை.

நானும் மாமாவும் தொங்கிக்கொண்டு தண்டைக் கீழே இழுத்தோம். விட்டால் மறுபடியும் மேலே போனது. மூன்றாவது தடவை இழுத்தபோது அப்பா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். திரும்பி, நல்ல கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தண்டின் நுனியில் மெதுவாக உட்கார்ந்தார். தண்டு நின்றது.

“நான் இருக்கேன். தண்ணிய முன்னாடி மாத்து.”

உட்கார்ந்தபடியே சொன்னார். தாத்தாவின் மாட்டு வண்டியில் அரிசி மூட்டை ஏற்றும்போது பின்பாரம் ஆகிவிட்டால் ஏர்க்கால் எழும்பும்; நுகம் மாட்டின் கழுத்தைவிட்டுத் தூக்கும்; அடியில் கட்டிய கயிறு தொண்டையை இறுக்கும். மாடு பேசாது, நின்றுவிடும், கண் பிதுங்கும். முன்பாரம் ஆனால் கழுத்து புண்ணாகும். அதனால் ஏற்றி முடித்ததும் தாத்தா முன்னால் போய் நுகத்தை ஒரு தடவை கையால் தூக்கிப் பார்ப்பாராம். வெறும் வண்டியில் தூக்கிப் பார்க்கமாட்டார். “ஏத்துனதுக்கு அப்புறம்தான் பாக்கணும். வெறும் வண்டி எப்பவும் சரியாத்தான் இருக்கும்.”

தொட்டியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, முன்சுவரை ஒட்டிப் பொருத்த முக்கால் மணி நேரம் ஆனது. ஐஸ் பெட்டியும் தோம்பும் முன்னால் வந்தன. தோம்பை இரண்டு பட்டை போட்டுச் சுவரோடு கட்டினேன். அது முடியும் வரை அப்பா எழுந்திருக்கவில்லை. மாமா கொடுத்த தேத்தண்ணியை அங்கேயே குடித்தார். பேரன் தயங்கித் தயங்கி வந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும், “இப்ப நீயும் சேர்ந்து எண்பது கிலோ” என்றார்.

பின்னாளில் தாளில் போட்டுப் பார்த்தேன். அச்சிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் பின்னால் 155 கிலோ. கொக்கி அச்சிலிருந்து இரண்டரை மீட்டர் முன்னால். கொக்கியிலிருந்து 56 கிலோவை அது தூக்கிவிடும். என்னிடம் இருந்ததே 48. மீதி எட்டுக் கிலோவுக்கு ட்ரெய்லர் வானத்தைப் பார்த்தது. பையன் பின்கதவில் உட்கார்ந்தது இன்னும் கொஞ்சம். மாற்றி வைத்த பிறகு, பாரம் எல்லாம் ஏற்றி மொத்தம் 640 கிலோ, தராசில் 75. இப்போது தராசு ட்ரெய்லரிலேயே இருக்கிறது. பின் தாங்குகால் இறங்காமல் கொக்கியைத் தொடுவதில்லை. என் தாடையில் மூன்று தையல் போட்ட இடம் ஷேவ் செய்யும்போது இன்னும் தட்டுப்படும்.

அன்று இரவு அங்கேயே தங்கினோம். மனைவிதான், “வந்தாச்சு, இருந்துட்டுப் போவோம்” என்றாள். பேச்சு மட்டும்தான் திரும்பியிருந்தது, முகம் இன்னும் திரும்பவில்லை. சார்டின் குழம்பும் சோறும் ஆக்கினோம். ஏணி ஏற அப்பாவால் முடியாது. கூடாரத்துக்குக் கீழே, பெட்டிக்குள், சாமான்களை ஒதுக்கி மெத்தை விரித்துக் கொடுத்தேன். ரப்பர் மரத்தில் இடித்த பள்ளத்தின் பக்கம் முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொண்டார். பத்து மணிக்கு மேல் டுரியான் விழ ஆரம்பித்தது. இலைகளை உரசிக்கொண்டு வந்து, ‘தொம்’. ஒவ்வொன்றுக்கும் கீழேயிருந்து அப்பாவின் குரல் எண்ணியது. பதினொன்று வரை கேட்டேன், தூங்கிப்போனேன்.

காலையில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தில் விழித்தேன். அப்பா கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நல்ல கையில் வாளியோடு பின்பெட்டியின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மெத்தையை அவரே எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார். ராத்திரி சிந்திய குழம்பும் செம்மண்ணும் மூலைத் துளைகள் வழியாகச் சட்டத்தின் மேல் வடிந்துகொண்டிருந்தன. நான் ஏணியில் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு வாளியை நீட்டினார்.

“அடியில படுத்து ஊத்து” என்றார்.

ஓடையில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து, அடியில் படுத்தேன்.